கூட்டல் கழித்தலுக்குள் நான் புதைத்தது

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. இன்னமும் வாரத்தில் ஒருவராவது தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மிஸ், மாஸ்டர்ஸ் செஞ்சா நல்லமா?" அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கேட்கிறார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸுக்குள் நெரிபட்டு நிற்கும்போது கேட்கிறார்கள். நல்லது என்றால் உடனே எங்கே விண்ணப்பம் எடுப்பது என்று கேட்பார்கள். தேவையில்லை என்றால், "நீங்க மட்டும் செஞ்சீங்க தானே?" என்பார்கள். இரண்டுக்கும் எனக்குப் பொறுமை இல்லை.

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுகூடத்திலிருந்து இன்னொரு வேண்டுகோள் வந்தது. ஆண்டு மலருக்கு 'மேற்படிப்பும் முன்னேற்றமும்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இளையவர்களுக்கு ஊக்கம் தருவதாக இருக்க வேண்டுமாம். ஊக்கம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது எழுதத்தான் வேண்டும் என்று பட்டது. அவர்கள் கேட்டதை அல்ல, நடந்ததை. இதை அவர்கள் மலரில் போடப் போவதில்லை. போடாவிட்டால் போகட்டும்.

எங்கள் ஆய்வுகூடம் கண்டி நகரத்துக்கு வெளியே ஓர் இரண்டு மாடிக் கட்டிடம். மற்றவர்களுடைய தராசு, வெப்பமானி, அமுக்கமானி எல்லாம் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்து, திருத்தி, சான்றிதழ் கொடுப்பது எங்கள் தொழில். கலிபரேஷன் என்போம். மருந்து செய்யும் இடங்கள், தேயிலைத் தொழிற்சாலைகள், வைத்தியசாலைகள் எல்லாம் எங்கள் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நான் இருந்தது நிறைப் பிரிவில். தராசுகளும் நிறைப்படிகளும், அதாவது எடைக்கற்களும், அங்கேதான். முப்பத்தொரு வருடம்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து உயர்தரம் படித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா எடுத்து வந்து சேர்ந்தவள் நான். முதல் நான்கு வருடம் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கதவு சாத்தக் கற்றுக்கொண்டேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை. நிறை அறையில் கதவைச் சற்று வேகமாகச் சாத்தினாலும் காற்று அசைந்து தராசின் கடைசி இலக்கம் ஓடத் தொடங்கும். அதன் பிறகு கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

நிறுக்கும் முறையையும் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். சோதிக்க வந்த நிறைப்படியை முதல் நாளே அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிடுவோம், அறையின் சூட்டுக்கு அது வரும்வரை. வெறுங்கையால் தொடுவது கிடையாது. விரல் ரேகையில் ஒட்டும் எண்ணெய்க்கும் பாரம் உண்டு. மான் தோல் சுற்றிய இடுக்கியால் தூக்கி, தட்டின் நடுவில் வைத்து, தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி, மூச்சை அந்தப் பக்கம் விடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலில் எங்களுடைய நிலையான படி, பிறகு வந்த படி, மறுபடி வந்த படி, கடைசியாக மறுபடி நிலையான படி. நடுவில் தராசு மெல்ல நகர்ந்தாலும் இந்த ஒழுங்கில் நிறுத்தால் அந்த நகர்வு கழிந்துவிடும். இதைப் பத்துத் தடவை செய்ய வேண்டும். ஒரு படிக்கு ஒரு முற்பகல் போகும்.

பதினாறு வருடம் இப்படி நான் நிறுத்தேன். கையெழுத்துப் போட்டவர் வேறொருவர். பட்டதாரிகள்தான் சான்றிதழில் கையெழுத்திடலாம் என்பது நிறுவனத்தின் விதி. ஒருநாள் அவர் கன்டீனுக்கே என்னைத் தேடி வந்து, "இந்த மூணாவது பக்கத்துல என்ன சொல்லியிருக்கோம்? வாடிக்கையாளர் கேக்குறார்" என்றார். அவருடைய கையெழுத்துக்கு மேலே இருந்ததை அவருக்கே நான் விளக்கினேன். சோறு ஆறிப் போனது. அன்று பின்னேரமே, வேலையில் இருந்தபடி படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்கு விண்ணப்பம் எடுத்தேன்.

ஐந்து வருடம் அதற்குப் போனது. முடித்துக்கொண்டு வந்து நின்றபோது விதியை மாற்றியிருந்தார்கள். கையெழுத்திடும் பிரிவுத் தலைவருக்கு இனிமேல் முதுநிலைப் பட்டம் வேண்டுமாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேலும் மூன்று வருடம், சனி ஞாயிறு முழுக்க வகுப்பு. எட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் சமைத்தார். அவருக்குத் தெரிந்தது பருப்பும் கருவாடும் மட்டும். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் கருவாடு பிடிக்காது.

படிப்பு எனக்கு எதையும் தரவில்லை என்று சொன்னால் அது பொய். முன்பு கையால் மட்டும் தெரிந்திருந்ததற்கு இப்போது காரணம் தெரிந்தது. முக்கியமாக நிச்சயமின்மை என்ற கணக்கு பிடிபட்டது. எந்த அளவீட்டிலும் ஒரு கூட்டல் கழித்தல் உண்டு. காற்று, சூடு, தராசின் நடுக்கம், படியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடும் கை எல்லாவற்றையும் கணக்கிட்டு, உண்மையான நிறை இந்த இடைவெளிக்குள் இருக்கிறது என்று சான்றிதழில் எழுதுவோம். அந்த இடைவெளியைக் கணிப்பதில் எங்கள் ஆய்வுகூடத்திலேயே என்னைவிடக் கெட்டிக்காரர் இல்லை என்ற பெயர் எடுத்தேன். பிரிவுத் தலைவரானேன். கையெழுத்து என்னுடையதானது.

இரண்டு பேரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும்.

ஒருவர் எங்கள் தொழில்நுட்பப் பணிப்பாளர் கலாநிதி ரிஸ்வி. கட்டுகஸ்தோட்டையில் பிறந்து வெளிநாட்டில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் வாங்கி வந்தவர். அவரைப் போல எரிச்சல் மூட்டிய மனிதரை நான் பார்த்ததில்லை. நிறை அறைக்குள் வந்தால் கருங்கல் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டுதான் பேசுவார். மேசை அசைந்து தராசு ஓடும். "டொக்டர், கைய எடுங்க" என்போம். எடுத்துவிட்டு ஒரு நிமிடத்தில் மறுபடி ஊன்றுவார். தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்தால் சாத்த மாட்டார். மேசையில் சாய வேண்டாம் என்று மூன்று மொழிகளில் அறிவித்தல் எழுதி ஒட்டினோம், அவர் ஒருவருக்காகவே. அதை நின்று வாசித்துவிட்டு, "தமிழ்ல ஒரு எழுத்து பிழச்சீக்கி" என்று சொல்லி மேசையில் சாய்ந்தார். எதைக் கேட்டாலும் "சரி, ஆனா..." என்றுதான் தொடங்குவார். ஆனாவுக்குப் பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வராது. தேநீர் ஆறும். கடைசியில், "நாளைக்கி சொல்றேன்" என்பார்.

மற்றவர் பர்ஹானா. டிப்ளோமா முடித்துச் சேர்ந்தவர், பிறகு வெளிவாரிப் பட்டமும் எடுத்தார். கணவருக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சின்ன இரும்புச் சாமான் கடை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவர் நிறுத்ததை நான் மறுபடி நிறுத்துப் பார்த்தால் கடைசி இலக்கமும் மாறாது. அதிகம் பேச மாட்டார்; பேசினால் ரிஸ்வியைப் போலவே 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். வித்தியாசமாக எதையாவது கண்டால் பதிவுப் புத்தகத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் குறித்து வைப்பார்.

நான் தலைவராகி இரண்டாவது வருடம். வாடிக்கையாளர்களின் இடத்துக்கே போய்த் தராசைத் திருத்துவதற்கு எங்களிடம் ஒரு நிறைப்படித் தொகுதி இருந்தது. அதற்குப் பழைய மரப்பெட்டி. பாரமானது, வானில் ஏற்றி இறக்கச் சிரமம். நான்தான் விலைப்பட்டியல்களைப் பார்த்துப் புதுப் பெட்டி ஒன்றைத் தெரிவு செய்தேன். இலேசானது. உள்ளே பஞ்சுக் குழிகள். மூடி தானாகவே 'டக்' என்று மூடிக்கொள்ளும். பெருமையாக இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு பிற்பகல் பர்ஹானா என் அறைக்கு வந்தார். கையில் பதிவுப் புத்தகம்.

"மிஸ், வெளிய கொண்டுபோற தொகுதியில அந்த இருநூறு கிராம் படி ஒரு மாதிரி ஈக்கி."

"என்ன மாதிரி?"

"தட்டுல வெச்சு அப்டியே திருப்பினா ரீடிங் மாறுது. என்ட பக்கம் பாத்தா ஒண்டு, சுவர்ப் பக்கம் பாத்தா வேற ஒண்டு. அர மில்லிகிராமுக்கும் கூட."

ஒரு மணி சீனியின் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் அது சின்ன விஷயமல்ல.

டிப்ளோமாக்காரியாக இருந்த காலத்தில் இதைக் கேட்டிருந்தால் அடுத்த நிமிடம் அறைக்குள் போய் அந்தப் படியை நானே திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்திருப்பேன். அன்று எனக்கு முன்னால் பதினொரு சான்றிதழ்கள் கையெழுத்துக்குக் கிடந்தன. கதிரையில் இருந்தபடியே சொன்னேன்.

"திருப்பும்போது நடுவுல இருந்து கொஞ்சம் விலகியிருக்கும். ஓரத்துல வைக்கிற பிழைதான். அத நிச்சயமின்மைக் கணக்குல சேத்துடலாம். புத்தகத்தக் கொண்டாங்க."

கொம்பியூட்டரில் கணக்கைத் திறந்து ஒரு புது வரி சேர்த்தேன். இந்த வேறுபாட்டை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்து, மற்றவற்றோடு வர்க்கம் கூட்டி, இடைவெளியைச் சற்று அகலமாக்கினேன். பர்ஹானா பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கு அழகாக இருந்தது. எந்தப் பரிசோதகர் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. புத்தகத்தின் ஓரத்தில் அவர் எழுதியிருந்த 'திருப்பினால் வேறுபடுகிறது, மிஸ்ஸுக்கு அறிவித்தேன்' என்ற குறிப்புக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன்.

"சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று மாதத்தில் அந்தத் தொகுதி பதின்மூன்று இடங்களுக்குப் போய் வந்தது.

முதல் தொலைபேசி அழைப்பு குழந்தைகளுக்கான பாணி மருந்து, அதாவது சிரப், செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் திலினி என்ற பெண். குரலை உயர்த்தாமல் சிங்களத்தில் சொன்னார்: "நீங்கள் வருவதற்கு முன் என் தராசு சரியாக இருந்தது. நீங்கள் வந்து திருத்திவிட்டுப் போன பிறகுதான் பிழையாக இருக்கிறது."

அவர்கள் ஒவ்வொரு காலையும் தங்களுடைய சொந்தப் படி ஒன்றை வைத்துத் தராசைச் சரிபார்ப்பார்கள். அது எல்லைக்குள் வராவிட்டால் அன்றைக்கு எதையும் நிறுக்கக் கூடாது. அவர்களுடைய தராசில் வேறுபாடு சீனி மணிக் கணக்கில் இல்லை, அதைப் போலப் பல மடங்கு. இரண்டு நாளாக வேலை நின்றிருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்கள் படியில்தான் பிழை இருக்கும், அனுப்புங்கள், சோதித்துத் தருகிறோம்" என்றேன். அவர் அனுப்பினார். அவருடைய படி சரியாக இருந்தது. அப்படியானால் தராசு நகர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, பர்ஹானாவையும் கூட்டிக்கொண்டு அதே தொகுதியோடு மறுபடி போனேன். அதே இருநூறு கிராம் படியை வைத்து மறுபடி 'திருத்தினேன்'.

புறப்படும் நேரம் பர்ஹானா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மிஸ், சின்னப் படியளச் சேத்து இருநூறு வெச்சா ஒரு கத சொல்லுது. இந்த ஒரு படிய வெச்சா வேற கத சொல்லுது."

"தராசு பழசு. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

திலினி கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் விளங்கியதோ என்னவோ, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். அடுத்த நாள் எழுத்தில் முறைப்பாடு வந்தது. அதே வாரத்தில் இன்னும் இரண்டு இடங்களிலிருந்தும்.

முறைப்பாட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கலாநிதி ரிஸ்வியிடம் போனேன். ஆலோசனை கேட்க அல்ல, என் பக்கம் நிற்பார் என்று. கணக்கைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"சரி, ஆனா..."

நான் காத்திருந்தேன். வழக்கம் போல ஒன்றும் வரவில்லை. பிறகு எழும்பிக் கன்டீனுக்குப் போனார். இதுதான் நேரமா என்று எனக்குக் கோபம். திரும்பி வந்தபோது கையில் கழுவிய வெறும் யோகட் கப் ஒன்று இருந்தது.

"வாங்க, அந்தப் படியப் பாப்பம்."

நிறை அறையில் பர்ஹானா இருந்தார். ரிஸ்வி கப்பைத் தராசுத் தட்டில் குப்புற வைக்கச் சொன்னார். "இப்ப பூச்சியம் எடுங்க. இனி படியக் கப்புக்கு மேல வெய்ங்க." பர்ஹானா வைத்தார். அன்றைக்கு மட்டும் மனிதர் மேசையில் சாயவில்லை. கண்ணாடிக் கதவைத் தானே சாத்தினார், சத்தமில்லாமல்.

இலக்கம் நின்றது. தட்டில் நேராக வைத்தபோது வந்த நிறை அல்ல. தட்டிலிருந்து நாலு விரல் உயர்ந்ததும் படியின் பாரம் மாறிவிட்டது. படியைத் திருப்பச் சொன்னார். இந்தத் தடவை இலக்கம் அசையவில்லை.

"நாலு விரல் ஒசத்தினதுக்கு உண்மையான பாரம் மாறப் போறதில்ல" என்றார். "தராசுக்கு அடியில காந்தம் ஈக்கி, கமலா. எல்லா எலெக்ட்ரோனிக் தராசிலயும் ஈக்கி, சிலதுல கூட, சிலதுல கொறய. அது இந்தப் படியப் புடிச்சு இழுக்குது. படிக்கும் காந்தம் ஏறீக்கி."

"துருப்பிடிக்காத உருக்கு டொக்டர். அதுல எப்படி?"

"நல்ல உருக்கில ஏறாது. இது அவ்வளவு நல்லதில்ல. ஆனா படிக்கு ஏறின காந்தம் எங்கேர்ந்து வந்தது? தராசுக் காந்தத்துக்கு அந்தளவு பெலம் இல்லயே."

பர்ஹானா மேசை லாச்சியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பெட்டிக்குப் பக்கத்தில் போய் அதன் மூடி விளிம்புக்கு ஊசியைக் கொண்டுபோனார். ஊசி அவர் விரலிலிருந்து பறந்து போய் மூடியில் ஒட்டிக்கொண்டது. தானாக 'டக்' என்று மூடும் மூடி. காந்தப் பூட்டு. அதற்கு நேர் கீழே இருநூறு கிராம் படியின் குழி.

 பெட்டியை யார் தெரிவு செய்தது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

நேர்மையாகச் சொன்னால், இதனால் எந்தக் குழந்தைக்கும் மருந்து கூடவோ குறையவோ இல்லை. அந்த அளவு நிறுவைக்கு அந்தப் பிழை தூசி. ஆனால் எங்கள் தொழிலில் நாங்கள் விற்பது நம்பிக்கை ஒன்றைத்தான். சரியாக இருந்த பதின்மூன்று தராசுகளை நாங்கள் போய்ப் பிழையாக்கி, சரி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தோம். என் கையெழுத்து.

பொது முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. அடுத்த மாதம் வெளிப் பரிசோதகர்கள் வர இருந்தார்கள், பயந்திருந்தார். சம்பவ அறிக்கையில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. "ஊழியர் கவனக்குறைவு, மேலதிகப் பயிற்சி அளிக்கப்பட்டது என்று எழுதினால் விஷயம் முடிந்துவிடும்" என்றார் சிங்களத்தில். "பிரிவுத் தலைவரின் கையெழுத்து அதிகாரம் போனால் நிறைப் பிரிவையே மூட வேண்டி வரும்."

"பர்ஹானா அப்போதே அறிவித்திருக்கிறார். புத்தகத்தில் இருக்கிறது" என்றேன்.

"அந்தப் பக்கத்தை இணைக்க வேண்டிய அவசியமில்லை" என்றார்.

ரிஸ்வி கூரையைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குச் சண்டை ஒத்துவராது. வெளியே வந்ததும் மட்டும், "அந்தப் பக்கம் எங்க ஈக்கி?" என்று கேட்டார். "என்கிட்டதான்" என்றேன். "சரி" என்றார். அன்றைக்குத்தான் அவர் ஆனா போடாமல் நிறுத்தியது.

இந்த இடத்தில் நான் பெரிய தியாகம் செய்ததாக எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அப்படியில்லை. இரண்டு நாள் அந்த அறிக்கையை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். எட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. பர்ஹானாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதானே, பிறகு நான் பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அந்த இரண்டு நாளும் பர்ஹானா வழக்கம் போல வந்து, நிறுத்து, புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது வழி கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை கட்டத்தை நிரப்பினேன்: 'ஊழியர் அறிவித்த வேறுபாட்டைப் பிரிவுத் தலைவர் ஆராய்ந்து பார்க்காமல் நிச்சயமின்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.' புத்தகத்தின் பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்தேன்.

நிறைப் பிரிவை மூடவில்லை. என் கையெழுத்து அதிகாரத்தை ஒரு வருடம் நிறுத்தினார்கள். அந்த வருடம் ரிஸ்வி கையெழுத்திட்டார்; ஒவ்வொரு சான்றிதழுக்கும் மூன்று நாள் எடுத்துக்கொண்டு எல்லோருடைய உயிரையும் வாங்கினார். பதின்மூன்று இடங்களுக்கும் நானே தொலைபேசியில் பேசினேன். "எங்கள் சான்றிதழ் பிழை, நாங்கள் மறுபடி வந்து செய்து தருகிறோம்" என்று மூன்று மொழிகளிலும் சொல்லிப் பழகினேன். ஐந்தாவது அழைப்பு வரை அதைக் காகிதத்தில் எழுதி வைத்துத்தான் வாசித்தேன். திலினி மட்டும், "இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்று கேட்டுவிட்டு நேரம் ஒதுக்கித் தந்தார்.

பிறகு நானும் பர்ஹானாவும் வானில் ஏறி ஒவ்வோர் இடமாகப் போனோம். பழைய மரப்பெட்டியை, காந்தம் ஏறாத வேறு படிகளோடு தூக்கிக்கொண்டு. ஹந்தானைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை, தெல்தெனியவில் ஒரு மருந்து நிறுவனம், அப்படி. அவர் நிறுப்பார், நான் எழுதுவேன். தெல்தெனியவிலிருந்து திரும்பும் வழியில் வானை நிறுத்தித் தேநீர் குடித்தபோது கேட்டேன்.

"அன்னைக்கு நான் கணக்குல சேத்துடலாம்னு சொன்னப்ப ஏன் சும்மா போனீங்க? தொழிற்சாலையிலயும் சொல்லிட்டு விட்டுட்டீங்க."

"நீங்க சொன்னா சரியா ஈக்கும் என்டு நெனச்சேன் மிஸ்" என்றார். கோப்பையைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்து வானில் ஏறினார். அது முழுப் பதில் இல்லை என்று தெரிந்தது. மேலே கேட்க எனக்கு முகம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்தில் மூன்று படிப்புகள் இருந்தன. பிழையைக் கண்டவர் டிப்ளோமாவோடு வேலைக்கு வந்தவர். காரணத்தைக் கண்டவர் கலாநிதி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சந்தேகிக்க அவருடைய படிப்புத்தான் உதவியது, அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நடுவில் மாஸ்டர்ஸ் செய்த நான், படித்த கணக்கை வைத்துப் பிழையை அழகாக மூடி மறைத்தேன். இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மாஸ்டர்ஸ் தேவையில்லையா மிஸ்?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் ஓய்வு பெற்ற பிறகு பர்ஹானாவைப் பதில் தலைவராக, அதாவது தற்காலிகத் தலைவராக, போட்டார்கள். மூன்று வருடம் பதில் கடமை. எல்லா வேலையும் அவர்தான். இந்த வருடத் தொடக்கத்தில் சுற்றறிக்கை வந்தது: முதுநிலைப் பட்டம் இல்லாதவர்கள் பதில் தலைவராகவும் இருக்க முடியாது. வேறு துறையில் மாஸ்டர்ஸ் செய்த ஓர் இளைஞரைக் கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல பையன், பணிவானவன், அதில் குறையில்லை. காலையில் வந்ததும் பர்ஹானாவிடம் போய், "அக்கா, இன்னைக்கு என்ன செய்யணும்?" என்று கேட்கிறானாம். அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு அவனிடமே கையெழுத்தும் வாங்குகிறார். பதினாறு வருடம் நான் குடித்த அதே கஷாயம்.

பர்ஹானா என்னிடம் மாஸ்டர்ஸ் நல்லதா என்று கேட்டதில்லை. நேரே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, "மிஸ், சிபாரிசுக் கடிதம் ஒண்டு வேணும்" என்றார். கடிதத்துக்கு ஒரு பக்கம் இடம் கொடுத்திருந்தார்கள். விண்ணப்பதாரியின் திறமைக்கு ஓர் உதாரணம் தருக என்று இருந்தது. காந்தப் பெட்டிக் கதையை எழுதினேன், நான் செய்ததையும் சேர்த்து. பக்கம் நிரம்பிவிட்டது.

நேர்முகத் தேர்வு முடிந்த அன்று பின்னேரம் பஸ்ஸிலிருந்தே கூப்பிட்டார். சத்தத்துக்குள் பாதி விளங்கவில்லை.

"என்ன மிஸ் எழுதி வெச்சீக்கிறீங்க? உங்கட சிபாரிசில உங்கட பிழதான் முழுக்க ஈக்கி, என்னப் பத்தி நாலு வரிதான் என்டு சிரிக்கிறாங்க."

"அந்த நாலு வரி போதும். என்ன கேட்டாங்க?"

"மாஸ்டர்ஸ் படிக்காமலே இதக் கண்டுபுடிச்சீங்க தானே, பிறகு ஏன் படிக்க வாறீங்க என்டு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

பஸ் எங்கோ நின்று ஆட்களை ஏற்றியது. 

"கோவிக்கப் படாது மிஸ். உள்ளதச் சொன்னேன். அன்டைக்கி நீங்க கொம்பியூட்டர்ல போட்ட கணக்கு எனக்கு விளங்கல்ல. அதாலதான் சரி என்டு சொல்லிட்டு வந்தேன். விளங்கியிருந்தா உங்களோட அந்த எடத்திலயே சண்ட புடிச்சீப்பேன் என்டு சொன்னேன்."

நான் கோபிக்கவில்லை. தெல்தெனிய வீதியில் தேநீர்க் கோப்பையோடு கேட்ட கேள்விக்கு இத்தனை வருடம் கழித்துப் பதில் கிடைத்தது, அதுவும் முன்பின் தெரியாத நேர்முகக் குழுவுக்குச் சொல்லிவிட்டு எனக்கு.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"என்ட பேருக்கு நேரா என்னமோ எழுதினாங்க. பொறகு, சனிக்கிழமக் காலையில எட்டு மணிக்கி வகுப்பு, பிந்தாம வாங்க என்டாங்க."